பரீட்சை முடியட்டும்

ஜூலை 7, திங்கள்

அயர்லாந்துக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. வெயில் என்று சொல்லும்படி ஒருநாள்கூட வெயில் அடிக்கவில்லை. இதற்குப் பெயர் கோடைக்காலப் படிப்பாம்! புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், காலில் ஷூ. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தென்காசியிலிருந்து நான்கு பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறேன். பையன்கள் இருவரில் ஒருவன் நட்சத்திரம் பார்க்கிற படிப்பு, இன்னொருவன் ஒலிப்பதிவு. நஸ்ரினுக்குப் பழைய அச்சுக்கலை. எந்நேரமும் விரலெல்லாம் மை. முத்தரசிக்குக் கடல்பாசி. திருச்செந்தூரைத் தவிர வேறு கடலைப் பார்த்திராத பெண், இங்கே தண்ணீர் வற்றுகிற நேரமெல்லாம் பாறை பாறையாய்த் தாவிப் பாசி பறிக்கிறாள். தாவரவியல் வாத்திச்சி எனக்கே தெரியாத பெயரெல்லாம் சொல்கிறாள். எனக்குப் பெருமைதான், அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

காலைச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய அப்பாவின் குரல் கேட்காமல் பொழுது விடிவதில்லை. மாடசாமி மினிபஸ் டிரைவர். அங்கே முதல் ட்ரிப் எடுக்கும் முன் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுவார். இவள் எழுந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி போடுவாள். "முத்து, சாப்பிட்டியா? ஸ்வெட்டர் போட்டியா? அப்பா வண்டி எடுக்கப் போறேன்." கடைசியில் ஒரு ஹாரன். தினமும் அதே ஸ்வெட்டர், அதே ஹாரன். இப்போதெல்லாம் பையன்களும் சேர்ந்து ஹாரன் அடிக்கிறார்கள்.

மதுரை ஏர்போர்ட்டுக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டதே அவர்தான், மினிபஸ்ஸில், முன்கண்ணாடியில் 'ஸ்பெஷல்' போர்டு மாட்டிக்கொண்டு. "டீச்சரம்மா, எம்மவள ஒங்க கையில குடுத்துட்டேன்" என்றார். நானும் பெரிய மனுஷியாட்டம் தலையாட்டினேன்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை முத்தரசி ஒரு குழுவின் முன்னால் நின்று தன் வேலையை விளக்கிப் பேச வேண்டும். அதில் முதலாவதாக வருகிறவருக்கு இங்கேயே மேற்படிப்புக்கு இலவசமாக இடம். நமக்குப் பழக்கப்பட்ட வார்த்தையில் அதைப் பரீட்சை என்றே சொல்லிக்கொள்கிறோம்.

ஜூலை 9, புதன்

காலையில் வழக்கம்போல ஸ்வெட்டர், ஹாரன். முத்தரசி கடற்கரைக்குக் கிளம்பிப் போனாள். நான் துணி துவைக்கும் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கருத்தப்பாண்டி கூப்பிட்டான். முத்தரசியின் அண்ணன், தென்காசியில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

"டீச்சர், முத்து பக்கத்துல இருக்காளா?"

"இல்லப்பா. என்ன விஷயம்?"

"அப்பாக்கு நெஞ்சு வலி. ரெண்டாவது ட்ரிப்புல வண்டிய ஓரமா நிறுத்திட்டு அப்படியே ஸ்டியரிங்ல சாஞ்சுட்டாவ. திருநெல்வேலிக்குக் கொண்டாந்துருக்கோம். ஐசியூல இருக்காவ."

எப்படி இருக்கிறார், டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கெல்லாம் "பாத்துக்கிட்டு இருக்காவ, பாத்துக்கிட்டு இருக்காவ" என்று அதையே சொன்னான்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க டீச்சர். பரீட்சை முடியட்டும். இது அப்பாவோட ஆசை. இப்போ சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா. அம்மாவும் அதான் சொல்லச் சொன்னா."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவ்வளவு தூரத்தில் இருக்கிற பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அழுவாள், படிப்பைக் கெடுத்துக்கொள்வாள். நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இன்னும் ஒன்பது நாள். அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

மத்தியானம் முத்தரசி பை நிறையப் பாசியோடு வந்து, "மிஸ், இதைப் பாருங்க, கருவேப்பிலை மாதிரியே இருக்கு!" என்றாள். பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

"அப்பா வாய்ஸ் வரல மிஸ்."

போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், உன் அண்ணன் சொன்னான் என்று சொன்னேன். பொய் வாயிலிருந்து எவ்வளவு சுத்தமாக வந்தது! கருத்தப்பாண்டிக்கும் அதையே சொல்லும்படி மெசேஜ் போட்டேன். "சரி டீச்சர்" என்று மட்டும் பதில் வந்தது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் மேசையில் அந்தக் குரல் கேட்டதும் என் கையிலிருந்த ரொட்டி நழுவித் தட்டில் விழுந்தது.

"முத்து, சாப்பிட்டியா? நல்லா படி. அப்பா வண்டி எடுக்கப் போறேன்." பின்னால் கண்டக்டர் விசில், "போலாம் ரைட்!" பிறகு ஹாரன்.

பையன்கள் கூடவே ஹாரன் அடித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஐசியூவில் இருக்கிறவருக்கு எங்கிருந்து பஸ்ஸும் விசிலும் வந்தன? வெளியே போய்க் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டேன். "பழசு டீச்சர். முத்து ஹாஸ்டல்ல இருந்தப்போ அப்பா அனுப்புனது. என் போன்லேருந்து போட்டு விட்டேன். இல்லன்னா அவ சந்தேகப்படுவா" என்றான். கெட்டிக்காரப் பயல். செல்போன் கடைக்காரன் அல்லவா?

திரும்பி வந்தபோது முத்தரசி காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டியைத் தொடவில்லை.

"என்னட்டி, சாப்பிடாம?"

"பசிக்கல மிஸ்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா நல்லா இருக்காருல்ல மிஸ்?" என்றாள்.

"ஏன், நீதான் இப்போ கேட்டியே."

"ஆமா மிஸ். கேட்டேன்."

நிம்மதியாயிருந்தது.

ஜூலை 12, சனி

இன்றைக்கு வெயில்! ஊரே புல்தரையில் வந்து விழுந்து கிடந்தது. பையன்கள் டீ ஷர்ட்டோடு பந்து விளையாடினார்கள். நான்கூட ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினேன். முத்தரசி மட்டும் தன்னுடையதைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். இல்லை.

கடல்பாசி வகுப்பின் பொறுப்பாளர் ஓர்லா. நரைத்த தலை, ஆம்பிளை மாதிரி பெரிய பூட்ஸ். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முத்தரசிக்கு ஏதாவது பிரச்சினையா, இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறாளே என்று கேட்டாள். வீட்டு ஞாபகம் என்றேன்.

விட்டாளா? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள் என்றாள். இங்கே அதற்கென்று ஏற்பாடு இருக்கிறதாம். அன்றைக்கே டிக்கெட் போட்டு ஏற்றிவிடுவார்களாம். பேச வேண்டியதைத் திரும்பி வந்தும் பேசலாம், ஊரிலிருந்து கம்ப்யூட்டரிலும் பேசலாம், இடம் எங்கேயும் போய்விடாது என்றாள். போன வருஷம் ஒரு பிரேசில் பையன் அப்படித்தான் போய்விட்டு வந்தானாம்.

நன்றி என்றேன்.

பரீட்சை போய்விடும் என்று நினைத்தல்லவா வாக்குக் கொடுத்தேன்? இதை அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கலாம். எதற்கு இப்போது அந்தப் பேச்சு? எப்படியும் மாடசாமி தேறிவிடுவார்.

ஜூலை 13, ஞாயிறு

கருத்தப்பாண்டி தங்கையை வீடியோவில் கூப்பிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், உளறிவிடுவானோ என்ற பயத்தில்.

தலையில் தொப்பி போட்டிருந்தான். சாரல் சீசன், சளி பிடிக்கும் என்று போட்டிருப்பான். வீட்டுக்குள்ளே சாரல் அடிக்குமா என்றால் எனக்கென்ன தெரியும்? முகம் வீங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"என்னண்ணே அவ்வளவு சேரு?" என்றாள் முத்தரசி.

"பக்கத்து வீட்டுல சடங்கு முத்து. எடமில்லன்னு நம்ம வாசல்ல போட்டிருக்காவ."

"அம்மா எங்க?"

"இந்தா இருக்கா. வீடியோல வரமாட்டேங்கா. தலை சீவலையாம்."

அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "நல்லா படிக்கியா தாயி? முடிச்சுருவேல்ல?" அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று.

"முடிச்சுருவேம்மா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிடுதேன். நீ நல்லா படிக்கேன்னு கேட்டாத்தான் எனக்குத் தொண்டையில எறங்குது."

முத்தரசி சிரித்துச் சிரித்துப் பேசினாள். பாசியைப் பற்றி, மழையைப் பற்றி, நஸ்ரினின் மை விரலைப் பற்றி. அப்பாவைக் காட்டு என்று ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

பிறகு அவன் எனக்குத் தனியாக மெசேஜ் போட்டான்: 'அப்பாவ நார்மல் வார்டுக்கு மாத்தியாச்சு டீச்சர்.' எந்த வார்டு, யார் கூட இருக்கிறார்கள், நான் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

ஜூலை 14, திங்கள்

மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை.

எனக்கும் இப்படித்தான் செய்தார்கள். எம்.எஸ்ஸி கடைசி வருஷம், பாளையங்கோட்டை ஹாஸ்டல். அப்பாவுக்கு லேசாய் மேல் சுகமில்லை, நீ பரீட்சையை முடித்துவிட்டு வா என்று சித்தப்பா சொன்னார். முடித்தேன். நன்றாக எழுதிவிட்ட சந்தோஷத்தில் அப்பாவுக்குப் பிடிக்குமே என்று வழியில் அல்வா வாங்கினேன். அப்போதுதான் கிண்டி இறக்கியது, பொட்டலம் கையைச் சுட்டது. முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டு வாசலில் நாற்காலி அடுக்கியிருந்தது. உள்ளே நுழைந்தால் நேர் எதிர்ச் சுவரில் மாலை போட்ட போட்டோ. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா அழவில்லை. அழுது முடித்திருந்தார்கள் எல்லோரும். நான் ஒருத்திதான் புதிதாக ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ, "போதும்மா, விடு, ஆனது ஆயிட்டு" என்றார்கள்.

ஆனால் அந்த வருஷம் நான் முதல் வகுப்பில் தேறினேன். அதனால்தான் வேலை கிடைத்தது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த ஊரில் உட்கார்ந்திருப்பேனா? எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்பா எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போனார் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கலாம். இப்போது கேட்க ஆள் இல்லை.

அல்வா சாப்பிடுவதில்லை. சர்க்கரை இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

விரலெல்லாம் இன்னும் குளிரில் விறைத்திருக்கிறது. எழுத்து கோணலாய்த்தான் வரும்.

வகுப்போடு நானும் கடற்கரைக்குப் போயிருந்தேன். இங்கே கடல் வற்றினால் ஒரு மைல் தூரத்துக்குப் பாறையாய்க் கிடக்கும். ஏறத் தொடங்கினால் கண்மூடித் திறப்பதற்குள் பாறைகளைச் சுற்றிக்கொள்ளும். அதனால் ஓர்லா விசில் அடித்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். விசில் அடித்தாள். எல்லோரும் வந்தார்கள். முத்தரசியைக் காணோம்.

கடைசிப் பாறையில் நின்றுகொண்டிருந்தாள். நீலநிற ஸ்வெட்டர். கடலைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு. ஓர்லா மறுபடியும் மறுபடியும் ஊதினாள். அவள் திரும்பவே இல்லை. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நான் எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டேன். ஐயோ, அந்தக் குளிர்! பாசி வழுக்கிப் பொத்தென்று விழுந்தேன். எழுந்து கத்தினேன்.

"ஏட்டி! முத்தரசி! இங்க வாட்டி! ஒங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

அதற்குத் திரும்பினாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அசையாமல் என்னையே பார்த்தாள். பிறகு இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தாள். ஓர்லா போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"விசில் கேக்கல மிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

ஓர்லாவுக்கு வந்த கோபத்தில் முகமே சிவந்துவிட்டது. இனிமேல் துணையில்லாமல் கடற்கரைப் பக்கம் வரக்கூடாது என்றாள். என்னிடம் வந்து, இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்திருக்கிறது என்று மறுபடியும் கேட்டாள். தெரியாது என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நஸ்ரின் என் அறைக்கு வந்தாள். அவளும் முத்தரசியும் ஒரே அறை.

"மிஸ், அவ அழவே மாட்டேங்குறா. அழுதா தேத்தலாம். சும்மா செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கா. எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

ஒரே நாளில் இரண்டு பேரிடம் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று பிரின்சிபால் சொன்னார். பத்திரம்!

ஜூலை 16, புதன்

கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அப்பாகிட்ட போனைக் குடு."

"தூங்குதாவ டீச்சர்."

"எழுப்பு."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம்.

"எப்போ?" என்றேன்.

"அன்னைக்கே டீச்சர். நான் ஒங்களுக்குப் போன் போடும்போதே ஆயிட்டு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே. மறுநாள் எடுத்துட்டோம்."

"என்கிட்டயும் ஏண்டா பொய் சொன்னே?"

"நீங்க மூஞ்சியில காட்டிருவீங்கன்னு மாமா சொன்னாவ."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் மூஞ்சியை இவர்கள் யார் எடை போட? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டே நாள் டீச்சர். வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் அப்பாக்கு லேசா சொகமில்லன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துருங்க. அம்மா ஒங்க கால்ல விழுந்து கேக்கான்னு நெனச்சுக்கோங்க" என்றான்.

போனை வைத்த பிறகு ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும். தொப்பியைப் பார்த்தபோதே தெரியும்.

முத்தரசி அறைக் கதவுவரை போனேன். தட்டவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று சொல்லியே தீருவது என்று போனேன். நஸ்ரின் இல்லை. முத்தரசி பாசிகளைக் காகிதத்தில் ஒட்டிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"முத்தரசி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்குச் சொல்லுங்க மிஸ்."

"இல்லட்டி, இது..."

"தெரியும் மிஸ். நாளைக்குப் பேசி முடிச்சதும் சொல்லுங்க." தலையைத் தூக்காமலே எழுதினாள். "நீங்க வாயால சொல்லிட்டீங்கன்னா அழுதுருவேன். அழ ஆரம்பிச்சா நாளைக்கு நிக்க மாட்டேன்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்த வாய்ஸ்ல ஸ்வெட்டர் போட்டியான்னு கேக்கல மிஸ். இங்க வந்ததுலேருந்து அதைக் கேக்காம அவருக்கு வண்டி கெளம்பாது. அதுல விசில் அடிக்கிற அண்ணன் பொங்கலுக்கே துபாய் போயிட்டாரு." கையிலிருந்த பாசியைக் காகிதத்தில் நீவிவிட்டாள். "அப்பாக்கு முடியல போலன்னுதான் நெனச்சேன். ஞாயித்துக்கெழம எங்கண்ணன் தொப்பி போட்டிருந்தான். கொளுத்துற வெயிலுக்கே போட மாட்டான் மிஸ் அவன்."

"தெரிஞ்சுமா அவ்வளவு சிரிச்சுப் பேசினே?"

"நான் நல்லா படிக்கேன்னு கேட்டாத்தான் அம்மாவுக்குச் சோறு எறங்குதாம். நீங்களும் கேட்டீங்கல்ல? நான் அழுதா அவ சாப்பிட மாட்டா."

ஓர்லாவிடம் சொல்லித் தள்ளி வைத்துவிடலாம், இன்றைக்கே கிளம்பலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இன்னைக்குப் போனா என்ன, நாளன்னைக்குப் போனா என்ன மிஸ்? பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

நான்தான் அழுதேன். வெட்கமில்லாமல், அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவள் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

பேசினாள். கணீரென்று பேசினாள். கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். அறைக்குள்ளே அவ்வளவு சூடு, எல்லோரும் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அவள் ஸ்வெட்டரோடுதான் நின்றாள். முடிவு ஆகஸ்டில்தான் தெரியுமாம். கைதட்டியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்து, வெளியே கூட்டிப்போய், கார்கள் நிற்கிற இடத்தில் ஒரு சுவரோரமாக நின்றாள்.

"இப்போ சொல்லுங்க மிஸ்."

சொன்னேன். "ஒங்கப்பா செத்துப்போயிட்டாரும்மா. ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. ரெண்டாவது ட்ரிப்புல. வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் சாஞ்சாராம். பஸ்ல இருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லையாம்."

இத்தனை நாளும் அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. "எப்பா... எப்பா..." என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் கையை நடுவில் கொடுத்தேன். போனவர்கள் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். போதும், விடு என்று ஒருவரையும் சொல்ல விடவில்லை. அவள் பாட்டுக்கு அழட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "ஒங்களுக்கு எப்போ மிஸ் தெரியும்?"

"போயிட்டார்னு முந்தாநாள்தான் சொன்னாங்க. நெஞ்சு வலின்னு..." நிறுத்தினேன். "ஒன்பதாம் தேதியே தெரியும்."

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா?"

ஓர்லா அன்றைக்கே ஏற்றி விட்டிருப்பாள். ஐஸ் பெட்டியில் இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் இவள் போய்ச் சேர்ந்திருப்பாள். இதையெல்லாம் நான் முந்தாநாளிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

"மொகத்தைப் பாத்திருப்பே" என்றேன்.

"ஆமா மிஸ்" என்றாள். கோபமாய்ச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் நல்லதுக்குத்தான், படிப்புக்காகத்தான், எனக்கும் இப்படித்தான் செய்தார்கள், இந்த மாதிரி என்னென்னவோ வாய்வரைக்கும் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. எனக்குக் குறைந்து போனது எது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இவளுக்கும் அதைச் செய்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன் முத்தரசி" என்றேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. என் கையை விடவும் இல்லை.

சாயங்காலம் ஓர்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒருமாதிரி பார்த்தாள், திட்டவில்லை. சொன்னபடியே டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தாள். எனக்கும் சேர்த்து. மற்ற மூன்று பேரையும் அடுத்த வாரம் விமானம் ஏற்றுவது தன் பொறுப்பு என்றாள். நஸ்ரின் முத்தரசியின் பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள்.

"வீட்டுல சொல்லிடவா, உனக்குத் தெரியும்னு?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மிஸ். போன்ல வேண்டாம்."

ஜூலை 20, ஞாயிறு

சென்னையிலிருந்து மதுரை வருகிற சின்ன விமானத்தில் அவள் வாயைத் திறந்தாள். வீட்டுக்குள் முதலில் கால் வைப்பதற்குத்தான் பயமாக இருக்கிறது என்றாள். நுழைந்ததும் எதிரில் பார்க்காதே, நேராக அம்மாவிடம் போய் மடியில் விழு, போட்டோவை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் போகாது என்றேன். எப்படி மிஸ் தெரியும் என்றாள். என் அப்பா கதையைச் சொன்னேன், அல்வாவையும் சேர்த்து. முப்பது வருஷத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏர்போர்ட் வாசலில் கருத்தப்பாண்டி நின்றுகொண்டிருந்தான். மதுரை வெயில் மண்டையைப் பிளந்தது. தலையில் அதே தொப்பி. அவனுக்குப் பின்னால் மினிபஸ், வேறு யாரோ டிரைவர். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓடிவந்து பெட்டியை வாங்கினான்.

"வா முத்து. பரீட்சை நல்லா எழுதுனியா? பயப்படாத. அப்பாக்கு லேசா சொகமில்ல. அவ்வளவுதான்..."

என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முத்தரசி கையை நீட்டி அவன் தொப்பியைக் கழற்றினாள். மொட்டைத் தலையில் முள் முள்ளாய் முடி வளர ஆரம்பித்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள்.

"போதும்ணே" என்றாள். "எவ்வளவு நாளைக்குத்தான் நீயும் இதைப் போட்டுக்கிட்டுத் திரிவே?"

அவன் முகம் அப்படியே உடைந்தது. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் தோளில் சாய்ந்து ஓவென்று கத்தினான். அந்தப் பயல் அதுவரைக்கும் ஒருதடவைகூட அழவில்லை போலிருக்கிறது. அம்மாவுக்குச் சோறு ஊட்டி, எனக்குப் பொய் சொல்லி, தங்கைக்கு அப்பாவின் குரலைத் தேடிப் போட்டு அனுப்பி, அவனுக்கு எங்கே நேரம்?

பெட்டியையும் தொப்பியையும் நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் முத்தரசி போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். எனக்குக் கேட்டது.

"எம்மா, வந்துட்டேன். எல்லாம் முடிச்சுட்டேன்... தெரியும்மா. எனக்குத் தெரியும். நீ அழு. நான் வாரேன், நீ அழு."